வண்டிக்குள்ள பாட்டு: பால் கால்வின் கதை

காலேஜ் பஸ்ல ஸ்பீக்கருக்குக் கீழ உட்கார்ந்து வர்றவங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சிருப்பீங்க. டிரைவர் அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, பாட்டோட சேர்ந்து மெல்லிசா ஒரு விசில் சத்தமும் ஏறும். காலை எடுத்தா இறங்கும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. நிறைய பேர் அதை ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு நினைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், போன மே மாசம் வரைக்கும்.

மே லீவுல உத்திரமேரூர்ல பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா பையன் கிட்ட ஒரு பழைய வேன் இருக்கு. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆள் ஏத்திட்டுப் போற வண்டி. அதுக்கு ஒரு சவுண்ட் சிஸ்டம் போடணும்னு அண்ணனுக்கு ரொம்ப நாள் ஆசை. கடையில விற்கிற சதுர ஊஃபர் பாக்ஸை வச்சுப் பார்த்தோம். பின் சக்கரத்துக்கு மேல வர்ற அந்த வளைவு இடிச்சுது, சீட்டை எடுத்தாத்தான் பாக்ஸ் உட்காரும். சீட்டை எடுத்தா சவாரி போச்சு. அதனால ஃபைபர்ல நாமளே செஞ்சிடலாம்னு இறங்கிட்டோம்.

வேனோட ஓரத்துல மாஸ்கிங் டேப் முழுக்க ஒட்டி, ரெசின் தடவி, கிளாஸ் மேட் வச்சு, மறுபடி ரெசின். காய்ஞ்ச பிறகு உரிச்சு எடுத்தா வேனோட வளைவை அப்படியே அச்செடுத்த மாதிரி ஒரு ஓடு கிடைக்கும். முன்பக்கம் எம்டிஎஃப் பலகையில வட்டம் வெட்டி, பழைய போர்வைத் துணியை முரசு மாதிரி இழுத்துக் கட்டி, அது மேலயும் ரெசின். ஒரு தடவை ஹார்டனர் கூடிப் போய் டப்பாவுல இருந்த ரெசின் கையிலேயே சூடேறிப் புகைஞ்சுது. பெரியம்மா அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடல.

சரி, இந்தக் கோணல் மாணல் பெட்டியோட கொள்ளளவை எப்படி அளக்கறது? நீளம் அகலம் உயரம் எதுவும் உதவாது. கோழிக்குப் போடற நெல்லை லிட்டர் படியால உள்ளே கொட்டி எண்ணினோம். 31 வந்தது. எங்க 12 அங்குல ஊஃபருக்கு வேண்டியது 28 லிட்டர். ஊஃபரோட காந்தமும் கூடையும் உள்ளே போனா ரெண்டு மூணு லிட்டர் அடைச்சிக்கும், கணக்கு சரியா வந்துடுச்சு. பெட்டி எதுக்குன்னு கேட்பீங்க. ஸ்பீக்கர் காகிதம் முன்னாடி தள்ளும்போது பின்னாடி இழுக்குது. பின்பக்க அலை சுத்தி வந்து முன்பக்க அலையோட சேர்ந்தா, பேஸ் ரெண்டும் ஒன்னையொன்னு தின்னுடும். அந்தப் பின் அலையை அடைச்சு வைக்கத்தான் பெட்டி.

எல்லாம் பூட்டி முடிச்சு, பாட்டு போட்டா அருமை. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணா, அதே விசில்.

அந்த ராத்திரி இந்தச் சத்தத்துக்குக் காரணம் தேடிக்கிட்டே போனப்பதான் பால் கால்வின் என்கிற மனுஷர் எனக்கு அறிமுகமானார். வண்டிக்குள்ள பாட்டு கேட்கிற பழக்கத்தை ஒரு தொழிலாக மாற்றியவர்களில் முக்கியமானவர். அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயர்தான் தெரியாது.

பால் கால்வின் 1895 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹார்வர்ட் என்ற ஊரில் பிறந்தார். இது அந்தப் பெரிய யுனிவர்சிட்டி இல்லை; ரயில் நின்று போகிற ஒரு சின்ன ஊர். ரயில் நின்றால் ஜன்னலோரம் ஓடிப் போய் பாப்கார்ன் விற்பது அந்த ஊர்ப் பையன்களுக்கு ஒரு வருமானம். பதிமூன்று வயதில் கால்வினும் அதைச் செய்தார். பிறகு இல்லினாய் யுனிவர்சிட்டியில் இரண்டு வருடம் படித்தார், முடிக்கவில்லை. முதல் உலகப் போரில் பீரங்கிப் படை அதிகாரியாக பிரான்ஸ் போய் வந்தார். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அவர் இன்ஜினியர் இல்லை. கடைசி வரை இன்ஜினியர்களை வைத்து வேலை வாங்கியவர்.

1921-ல் எட்வர்ட் ஸ்டீவர்ட் என்ற நண்பரோடு சேர்ந்து விஸ்கான்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டில் பேட்டரி கம்பெனி ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில் மூடினார்கள். வரி கட்டாததால் அரசாங்கம் கதவைப் பூட்டிவிட்டது என்றும், உள்ளே மாட்டியிருந்த கோட்டை எடுக்கக்கூட கால்வினை விடவில்லை என்றும் ஒரு கதை சொல்வார்கள். அதன்பின் சிகாகோவில் ஒரு மிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்தார். 1926-ல் திரும்பவும் அதே ஸ்டீவர்ட், திரும்பவும் பேட்டரி. அதுவும் 1928-ல் படுத்தது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். வயது 33. கல்யாணம் ஆகிவிட்டது, ராபர்ட் என்று ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். ஒரே தொழிலில், ஒரே கூட்டாளியோடு இரண்டு முறை விழுந்தாகிவிட்டது. நம்ம வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தால் மூன்றாவது முறை என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்த மூழ்கிய கம்பெனியில் ஒரே ஒரு நல்ல பொருள் இருந்தது. பேட்டரி எலிமினேட்டர். அந்தக் காலத்து வீட்டு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. பேட்டரி செலவு அதிகம், மாற்றுவதும் தொல்லை. வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகு, அந்தக் கரண்டிலேயே பழைய பேட்டரி ரேடியோவை ஓட்ட உதவும் பெட்டிதான் இந்த எலிமினேட்டர். கடன்காரர்கள் கம்பெனியை ஏலம் விட்டபோது, அந்தப் பிரிவை மட்டும் கால்வின் 750 டாலருக்கு எடுத்தார். 1928 செப்டம்பர் 25 அன்று தம்பி ஜோசப்பையும் சேர்த்துக்கொண்டு சிகாகோவில் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷன் ஆரம்பமானது. கையில் 565 டாலர், ஐந்து தொழிலாளிகள். முதல் வாரச் சம்பளம் எல்லோருக்கும் சேர்த்து 63 டாலர்.

ஆனால் எலிமினேட்டருக்கு ஆயுசு குறைவு என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நேரடியாகக் கரண்டில் ஓடும் ரேடியோக்கள் கடைக்கு வர ஆரம்பித்தன. பழைய ரேடியோ ஒழிந்தால் எலிமினேட்டரும் ஒழியும். அடுத்த வருடம் பங்குச்சந்தை சரிந்து, அமெரிக்காவே படுத்துக்கொண்டது. ரேடியோ கம்பெனிகள் வரிசையாக மூடின.

அப்போது சில ஊர்களில் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. சின்னச் சின்ன ரேடியோ கடைக்காரர்கள், பணக்காரர்களின் கார்களுக்குள் வீட்டு ரேடியோவைப் பிரித்து மாட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காரும் தனித் தனி வேலை. எந்தக் காரில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வெட்டி, ஒட்டி, திருகி வைப்பார்கள். அச்சு அசலாக நாங்கள் உத்திரமேரூரில் செய்த வேலைதான்! கால்வின் இதைக் கேள்விப்பட்டார். ஒரே மாதிரி ரேடியோ, எந்தக் காரிலும் மாட்டக்கூடியது, ஒரு சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலை. இது முடியுமா என்று தன் ஆட்களைக் கேட்டார். அந்த ஆட்களில் இருவரை நினைவில் வையுங்கள். ஒருவர் பில் லியர், இன்னொருவர் எல்மர் வேவரிங். இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

முதல் பிரச்சினை இடம். அன்றைய வால்வு ரேடியோ பெரியது. ரிசீவரை ஒரு பெட்டியில், ஸ்பீக்கரை இன்னொரு பெட்டியில் வைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே தனித்தனியாகத் தொங்கவிட்டார்கள்.

அடுத்தது கரண்ட். காரில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. வால்வின் இழை சூடாக அது போதும். ஆனால் வால்வு வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் தனியாக வேண்டும். அதற்காக உலர் பேட்டரிகளை வரிசையாகக் கோர்த்து, காரின் தரைப்பலகையை அறுத்து, அடியில் ஒரு பெட்டியில் வைத்தார்கள். பேட்டரியை ஒழிக்கும் பெட்டி விற்றுப் பிழைத்த ஆள், திரும்பவும் பேட்டரியிலேயே வந்து மாட்டிக்கொண்டார் பாருங்கள். சில வருடம் கழித்துத்தான் இதற்கு வழி பிறந்தது. டிரான்ஸ்ஃபார்மர் டிசி-யை ஏற்றாது என்று நாம் முதல் வருடத்திலேயே படித்தோம் இல்லையா? அதனால் வைப்ரேட்டர் என்ற ஒரு சின்ன அதிரும் சுவிட்ச், 6 வோல்ட்டை நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும். வெட்டிய கரண்டை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிவிடும். நம்ம பெரும்பாலான கார் ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் இன்றைக்கு இருக்கும் பவர் சப்ளை இதே வேலையைத்தான் மாஸ்ஃபெட் வைத்துச் செய்கிறது.

ஏரியல் எங்கே வைப்பது? அப்போதைய கார்களுக்கு முழு இரும்புக் கூரை கிடையாது. நடுவில் துணி. அந்தத் துணி தொங்காமல் இருக்க அடியில் கோழிக்கூண்டு வலை அடித்திருப்பார்கள். பாடியோடு ஒட்டாமல் பிரித்துவிட்டால் அந்த வலையே ஏரியல். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

இதை எல்லாம் விடப் பெரிய எதிரி ஒன்று இருந்தது: கார். ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றும் பொறி விடும்போதெல்லாம் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி அலை பரப்பும். கார் நின்றிருந்தால் பாட்டு. ஓட ஆரம்பித்தால் வறுகடலை வறுக்கிற சத்தம். டைனமோவின் பிரஷ், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சேர்ந்து கத்தும். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்பதற்கு யார் கார் ரேடியோ வாங்குவார்? ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார்கள். பிளக் வயரில் ரெசிஸ்டர், டைனமோவில் கெப்பாசிட்டர், ரிசீவரைச் சுற்றி இரும்புப் பெட்டி. ஒரு மாடல் காரில் சரியானது அடுத்த மாடலில் சரியாகாது. ரேடியோ செய்வதைவிடக் காரை அமைதிப்படுத்துவதுதான் அவர்களுக்கு உண்மையான வேலையாக இருந்தது.

இந்தச் சமயத்தில் கடன் வேண்டி ஒரு பேங்க்காரரிடம் போனார் கால்வின். அவரை மயக்க, அவருடைய பேக்கார்ட் காரிலேயே ஒரு ரேடியோவை மாட்டிக் கொடுத்தார்கள். மாட்டிய அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது என்றும், கடன் கிடைக்கவில்லை என்றும் கார் ரேடியோ வரலாற்றைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சிரிக்காதீங்க. உங்க வண்டி ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து நேரா வயர் இழுத்திருந்தா, பேட்டரிக்குப் பக்கத்துலேயே, ஒன்றரை அடிக்குள்ள, ஃபியூஸ் போட்டிருக்கீங்களான்னு இப்பவே போய்ப் பாருங்க. ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல போடற ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைத்தான் காப்பாத்தும். நடுவுல வயர் உரசி பாடியைத் தொட்டா, வண்டி பேக்கார்ட்தான்.

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரத்தில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு. கால்வினுக்கு அங்கே ஸ்டால் எடுக்கப் பணம் இல்லை. தன் சொந்த ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி, மனைவி லில்லியனோடு சிகாகோவிலிருந்து கிளம்பினார். கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து திரும்பி மதுரையையும் தாண்டி வருகிற தூரம், 1930-ன் ரோட்டில். மாநாடு நடக்கும் இடத்துக்கு வெளியே காரை நிறுத்தி, சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டார். உள்ளே போகிற, வெளியே வருகிற வியாபாரிகள் எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். கால்வின் ஆர்டர் எழுதிக்கொண்டார்.

இதை நான் படித்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, நம்ம ஊர்த் திருவிழாவில் மைக் செட் கட்டுகிற அண்ணன்தான் ஞாபகம் வந்தார்.

அந்த ரேடியோவுக்கு மாடல் எண் 5டி71. விலை சுமார் 110 முதல் 130 டாலர். ஒரு புது ஃபோர்டு காரே அறுநூறு டாலர் பக்கம் என்றால், காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு ரேடியோவுக்கு. இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று யோசித்தார். அந்தக் காலத்தில் பாட்டுப் பெட்டிகளின் பெயர்கள் விக்ட்ரோலா, ரேடியோலா என்று ஓலாவில் முடியும். இது மோட்டாரில் ஓடுகிற ஓலா. மோட்டோரோலா.

உடனே பணம் கொட்டியது என்று எழுத எனக்கும் ஆசை. ஆனால் அந்த வருடம் கம்பெனி நஷ்டத்தில்தான் முடிந்தது. ஒரு காரில் ரேடியோ மாட்ட இரண்டு ஆட்களுக்கு நிறைய நேரம் போனது. மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும், பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டினால் விபத்து நடக்கும் என்று கார் ரேடியோவையே தடை செய்யச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். கால்வின் விடவில்லை. மாட்டுவதைச் சுலபமாக்கிக்கொண்டே போனார். 1934-ல் குட்ரிச் டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, டயர் கடைகளிலேயே ரேடியோவும் மாட்டித் தரும்படி செய்தார். பங்சர் ஒட்டுகிற இடத்தில் பாட்டும் கிடைக்கும் என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்.

அதன் பிறகான கதை நீங்கள் ஓரளவு ஊகிக்கக்கூடியது. ஓடுகிற காருக்குள் சத்தமில்லாமல் ரேடியோ கேட்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு, போலீஸ் காருக்கு ரேடியோ செய்வது அடுத்த படி. 1936-ல் அதைச் செய்தார்கள். அதே வருடம் குடும்பத்தோடு ஐரோப்பா போன கால்வின், போர் வரப் போகிறது என்ற முடிவோடு திரும்பினார். ராணுவத்துக்குக் கையில் பிடித்துப் பேசும் ஹேண்டி டாக்கி வந்தது. பிறகு 1943-ல் டேனியல் நோபிள் என்ற இன்ஜினியரின் குழு, எஃப்எம்-ல் வேலை செய்யும், முதுகில் சுமக்கும் வாக்கி டாக்கியைக் கொடுத்தது. எடை 15 கிலோ பக்கம்.

அந்த வருடங்களுக்கு நடுவில், 1942 அக்டோபரில், சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் அவர் வீட்டுக்குள்ளேயே லில்லியன் கொல்லப்பட்டார். வீட்டு வேலை செய்த பெண்ணும் சேர்ந்து. அட்லாண்டிக் சிட்டி வரை காரில் கூட வந்தவர். இதைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெரியவில்லை. கால்வின் கம்பெனிக்குத் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 1947-ல் கம்பெனியின் பெயரையே மோட்டோரோலா என்று மாற்றினார்கள். தொழிலாளிகளுக்கு லாபத்தில் பங்கு கொடுக்கும் திட்டமும் அதே வருடம் வந்தது.

அவர் கடைசி வருடங்களில் நம்ம பெட்டிக்கான விஷயங்கள் இரண்டு நடந்தன, இரண்டுமே அவர் செய்தது இல்லை. 1953-ல் செவர்லே கார்வெட் வந்தது. ஃபைபர் கிளாஸ் பாடி. முதல் வருடத்து 300 காரும் கிட்டத்தட்ட கையாலேயே செய்தவை. ஃபைபர் ரேடியோ அலையைத் தடுக்காது என்பதால் ஏரியலை வெளியே நீட்ட வேண்டியதில்லை. டிக்கி மூடியின் ஃபைபருக்குள்ளேயே கம்பி வலையை வைத்துவிட்டார்கள். கோழிக்கூண்டு வலை திரும்பி வந்துவிட்டது! ஆனால் அதே காரணத்தால் ஸ்பார்க் பிளக் சத்தத்தையும் அந்த பாடி தடுக்கவில்லை. இன்ஜினின் இக்னிஷனுக்குத் தனியாக உலோக மூடி போட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் எட்கர் வில்சர் என்பவர், காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தி ஆழமான பேஸ் எடுக்கலாம் என்று செய்து காட்டினார். வேன் ஓரத்தில் 28 லிட்டரில் 12 அங்குல ஊஃபர் உட்காருவது அந்த யோசனையால்தான்.

பால் கால்வின் 1959 நவம்பர் 5 அன்று இறந்தார். வயது 64. கம்பெனியைப் பையன் ராபர்ட் நடத்தினார். பில் லியர் முன்னாடியே தனியாகப் போய், லியர்ஜெட் விமானம் செய்தார். 1960-களில் காருக்குள் கேட்க 8 டிராக் டேப்பைக் கொண்டு வந்ததும் அவர்தான். மோட்டோரோலா எப்படி செல்போன் கம்பெனியானது, எப்படி இரண்டாக உடைந்தது, எப்படி லெனோவோ கைக்குப் போனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். 2015-ல் நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி ஒன்றில் மோட்டோ ஈ போன்கள் செய்ய ஆரம்பித்தார்கள்.

எல்மர் வேவரிங் மட்டும் கம்பெனியிலேயே இருந்தார். கார்களில் ரேடியோ, விளக்கு என்று கரண்ட் தேவை கூடக் கூட, பழைய டைனமோ போதவில்லை. மெதுவாக ஓடும்போது அது போதுமான கரண்ட் தராது. அதற்குப் பதிலாக ஆல்டர்னேட்டரைக் கார்களுக்குள் கொண்டு வந்தவர்களில் வேவரிங் முக்கியமானவர். அது மூன்று ஃபேஸ் ஏசி-யை உண்டாக்கி, டையோடு வழியாக டிசி ஆக்கும். முழுசாக வழவழவென்று வராது, மேலே ஒரு சின்ன அலை ஒட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் வேகம் ஏறினால் அந்த அலையின் எண்ணிக்கையும் ஏறும்.

அந்த விசில் அதுதான்.

மறுநாள் காலையில அண்ணனும் நானும் வேனுக்குள்ள படுத்துக்கிட்டு ஒவ்வொன்னா பார்த்தோம். ஆம்ப்ளிஃபயரோட எர்த் வயரைப் பின்னாடி ஒரு ஸ்க்ரூவுல முடுக்கியிருந்தோம், பெயின்ட் மேலேயே. ஆர்சிஏ வயரையும் பேட்டரி வயரையும் ஒன்னா டேப் சுத்தி ஒரே பக்கமா கொண்டு வந்திருந்தோம், பார்க்க அழகா இருக்கட்டும்னு. பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, எர்த்தைப் போல்ட் போட்டு முடுக்கினோம். ஆர்சிஏ வயரைப் பிரிச்சு வண்டியோட மறுபக்கமா இழுத்தோம். வெயில் ஏற ஆரம்பிச்சுடுச்சு. அண்ணன் சாவியைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிச்சாரு. நான் ஊஃபர்கிட்ட காதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுச்சு.